ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டி கிட்: எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

தக்கலையைச் சேர்ந்த கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா பெங்களூரிலிருந்து எச்ஓ என்ற மாடல் ரயில் அளவில், பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை வகை ஸ்லீப்பர் பெட்டியை ஒட்டிக் கட்டும் கிட் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் பக்கச்சுவர்கள், முனைச்சுவர்கள், தரை, கூரை, இரண்டு போகிகளுக்கான (பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டிகள்) சட்டங்கள், நான்கு ஜோடி சக்கரங்கள், கைப்பிடியும் ஜன்னல் கம்பியும் படிக்கட்டும் வெட்டிய ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. பசை இல்லை, பெயின்ட் இல்லை, விளக்கம் என்று ஒரு படம் மட்டும். வீட்டில் 18 அங்குல ஆரத்தில் வளைவுள்ள தண்டவாளம் இருக்கிறது. எதில் தொடங்குவது, வேறு என்ன வாங்குவது, இந்த மழையில் பெயின்ட் அடிக்கலாமா, பிறகு ஐசிஎஃபின் இடத்துக்கு வந்த புதுவகையான எல்எச்பி பெட்டி ஒன்றும் கட்டி இதோடு சேர்த்து ஓட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, பக்கச்சுவரை எடுத்து ஒட்டத்தான் கை துடிக்கும். ஜன்னலும் கதவுமாக அதுதான் பெட்டி மாதிரித் தெரிகிறது. இருந்தாலும் அதைக் கவரிலேயே விட்டு வையுங்கள். போகி, தரை, எடை, கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) நான்கும் சரியாகி, சுவரே இல்லாத வெறும் தரைத்தட்டு உங்கள் வளைவில் தடம்புரளாமல் முன்னும் பின்னும் ஓடிய பிறகுதான் சுவருக்குப் போக வேண்டும். எல்லாம் ஒட்டி பெயின்ட்டும் அடித்த பிறகு போகியில் கோளாறு தெரிந்தால், சரிசெய்யத் தலைகீழாகப் பிடிக்கும்போதே கைப்பிடியும் படியும் உடையும். பாதியில் நின்று பரணில் கிடக்கும் கிட்டுகள் பலவற்றை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் இந்த வரிசை மாறியதுதான் காரணம்.

அதற்கும் முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். நிஜ ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. எச்ஓ என்பது 87-இல் ஒரு பங்கு. அப்படியானால் சுவர் 245 மி.மீ. நீளம், பெட்டி 37 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். சுவர் 280 மி.மீ. வந்தால் அது எச்ஓ இல்லை, பிரிட்டனில் பழகும் ஓஓ அளவு, 76-இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் என்பதால் பெட்டியின் மேல் எழுதியதை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. போகிகளின் மையத்துக்கு மையம் நிஜத்தில் 14,783 மி.மீ., மாடலில் 170. ஒரு போகிக்குள் அச்சுக்கு அச்சு 2,896 மி.மீ., மாடலில் 33.3. சக்கரம் 915 மி.மீ., மாடலில் 10.5. போகிச் சட்டத்தில் அச்சு இடைவெளி 29.5 மி.மீ. அளவில் வந்தால், யாரோ எல்எச்பி பெட்டியின் ஃபியட் போகியைத் தவறிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே மாற்றிக் கேளுங்கள்.

தண்டவாள அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. நீங்கள் வைத்திருக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் உலகின் பல நாடுகளில் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கானது. ஆகவே உங்கள் பெட்டி நிஜத்தைவிடக் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் நிற்கும். 19.3-க்குத் தண்டவாளம், பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), சக்கரம் எல்லாம் கையால் செய்ய வேண்டிவரும். முதல் பெட்டிக்கு அது வேண்டாம். போகிச் சட்டம் சக்கரத்தை மறைத்துவிடுவதால் பக்கத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து எந்தக் காலத்துப் பெட்டி என்று முடிவு செய்யுங்கள். நிறத்துக்காக மட்டும் இல்லை, தரைக்கு அடியில் என்ன ஒட்டுவது என்பதும் இதைப் பொறுத்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்தார்கள். திருநெல்வேலிப் பாதை 1981-இல் சேர்ந்தது. இரண்டுமே தொடக்கத்திலிருந்து அகலப்பாதைதான். மீட்டர் கேஜ் பெட்டி நம்மூர் ஸ்டேஷன் எதிலும் நின்றதில்லை. ஐசிஎஃப் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2-இல் பெரம்பூரில் தொடங்கி, ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் வடிவமைப்பை வைத்துப் பெட்டி கட்டியது. அந்தக் குடும்பத்துப் பெட்டிகளைத்தான் நாம் பார்த்து வளர்ந்தோம். தொடக்க காலத்துச் செங்காவி நிறப் பெட்டியா, பிறகு வந்த இரட்டை நீலமா, கடைசியில் வந்த வெளிர் மஞ்சளும் பழுப்புமா? பிந்திய காலம் என்றால் கழிப்பறைகளுக்குக் கீழே பயோ டாய்லெட் தொட்டிகள் தொங்க வேண்டும். செங்காவிப் பெட்டியின் கீழ் அது இருந்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

என்னைக் கேட்டால் முதல் பெட்டிக்குச் செங்காவி. ஒரே நிறம், டேப் ஒட்டி மறைக்கிற வேலை இல்லை, நம் பாதையின் முதல் காலத்துக்கும் பொருந்தும்.

உங்களுக்கு இரணியல் ஸ்டேஷன் பக்கம். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், ஐசிஎஃப் பெட்டி வைத்த வண்டி எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும்போது கீழ்ப்பாகத்தை நன்றாகப் பாருங்கள். பேட்டரிப் பெட்டி எந்தப் பக்கம், பிரேக் சிலிண்டர் எங்கே, எந்தப் போகியில் ஆல்டர்னேட்டரின் பெல்ட் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், மேலிருந்தே போதுமான அளவு தெரியும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐசிஎஃப் வகைப் பெட்டி கட்டுவதை 2018 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக எல்எச்பிக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன.

சரி, போகிக்கு வருவோம். போகிச் சட்டங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கம்பிகளிலிருந்து பிய்க்காமல் வெட்டி எடுத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நுண்ணரத்தால் தேய்த்துவிடுங்கள். அச்சின் கூர்முனை உட்காரும் குழியில் ஒரு துளி பிசிறு இருந்தாலும் சக்கரம் இழுக்கும். குழி வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால், பித்தளைக் கிண்ணம் போன்ற சிறு பேரிங்குகள் கிடைக்கும், வாங்கிப் பதியுங்கள். சக்கரத்தின் உள்முகத்துக்கும் உள்முகத்துக்கும் இடையே வெர்னியரால் அளந்தால் 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் பாயின்ட்டில் ஏறி இறங்கும்போது தடம்புரளும். இரண்டு பக்கச் சட்டங்களை ஒட்டும்போது ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நான்கு சக்கரமும் ஒன்றுபோலத் தொடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே பசை காய விடுங்கள். முடிந்ததும் ஒரு மீட்டர் தண்டவாளத்தின் ஒரு முனையை 2 செ.மீ. தூக்கி வைத்துப் போகியை விடுங்கள். தானாக உருண்டு மறுமுனைக்குப் போக வேண்டும். பிடித்துக்கொண்டால் எண்ணெய் விட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். எண்ணெய் தூசியையும் தும்பையும் சேர்த்துவிடும். எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது, விளக்கப்படம் சொல்லவே சொல்லாதது. இரண்டு போகிகளையும் ஒரே மாதிரி திருகக் கூடாது. ஒன்று இடவலமாகத் திரும்பலாம், முன்பின்னாகச் சாயலாம், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அதற்குத் திருகுக்கு இருபுறமும், தரைக்கும் போகிக்கும் நடுவே, ஒரே உயரத்தில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுங்கள். மற்றப் போகி நடுவில் ஒரே ஒரு சிறு வளையத்தின் மேல் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும். அப்படிச் செய்தால் பெட்டி மொத்தம் மூன்று புள்ளிகளில் நிற்கிறது. மேடுபள்ளத் தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்பது இதனால்தான். இரண்டு போகியையும் இறுக்கினால் தண்டவாளம் ஒரு இழை முறுக்கியிருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி படகு மாதிரிச் சாயும்.

எடை. அமெரிக்க மாடல் ரயில்வே சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்குப்படி எச்ஓ வண்டிக்கு ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் பெட்டிக்கு அது சுமார் 165 கிராம் வருகிறது. சுவர், கூரை, போகி எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்துப் பார்த்து, குறைகிறதைத் தரையில் சேருங்கள். அதிகம் தேடி அலைய வேண்டாம், குளச்சல் பக்கம் தூண்டிலுக்கும் வலைக்கும் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும். சுத்தியலால் தட்டிப் பட்டையாக்கி, இரண்டு போகிகளுக்கும் மேலே சமமாக, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். ஒட்டுவதற்கு அரால்டைட் மாதிரி எபாக்சி மட்டும். ஃபெவிகால் வகைப் பசையில் ஈயத்தைப் பதித்தால், அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கி ஊதவைக்கும். சில ஆண்டுகளில் சுவரே பிளந்துவிடும். நம்மூர் ஈரக்காற்றில் அதற்கு இன்னும் வசதி. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும்.

18 அங்குல வளைவு என்பது 457 மி.மீ. ஆரம். அந்த வளைவில் உங்கள் பெட்டியின் நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளும், இரு முனைகளும் 8.5 மி.மீ. வெளியே தள்ளும். பெட்டியின் பாதி அகலத்தையும் சேர்த்தால் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 27 மி.மீ. ஆகவே வளைவில் பிளாட்பாரம், கம்பம், சுவர் எதுவானாலும் 30 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். கப்ளிங்கைத் தரையில் பொருத்துவது பார்க்க அழகு. ஆனால் நேர்பாதையிலிருந்து இந்த வளைவுக்குள் நுழையும் இடத்தில் எஞ்சின் ஒரு பக்கம், பெட்டியின் முனை வேறு பக்கம் இழுத்து, சக்கரத்தை வெளியே தூக்கிவிடும். இவ்வளவு இறுக்கமான வளைவுக்குப் போகியிலேயே பொருத்துங்கள். பின்னோக்கித் தள்ளும்போது அது கொஞ்சம் முரண்டும். மெதுவாகத் தள்ளினால் போதும்.

இதெல்லாம் ஓடிவிட்டதா? இப்போது சுவர்.

பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் ஒட்ட, மாடல் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் தண்ணீர் போன்ற சால்வென்ட் சிமென்ட்தான் வேண்டும். குழாய் ஒட்டும் பிவிசி பசை இதற்கு ஆகாது. இரண்டு துண்டுகளையும் உலர்ந்தபடியே சேர்த்துப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து நுனித் தூரிகையால் தொட்டால் பசை தானே இடுக்கில் ஓடிவிடும். ஒரு பக்கச்சுவர், ஒரு முனைச்சுவர் என்று எல் வடிவத்தில் இரண்டு ஜோடி செய்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, காய்ந்தபின் இரண்டையும் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. நான்கையும் ஒரே நேரத்தில் நிறுத்தப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலை கோணிக்கொள்ளும். சுவரை உள்ளே இன்னொரு தகடு ஒட்டித் தடிமனாக்குவதாக இருந்தால், உள்தகட்டில் அங்கங்கே சிறு துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் நடுவே சிக்கிய சால்வென்ட் வெளியேற வழியில்லாமல் சுவர் மாதக்கணக்கில் மெல்ல வளைந்துகொண்டே போகும். தரையை உடலோடு ஒட்டாமல் இரண்டு சிறு திருகால் மாட்டுங்கள். கண்ணாடி, இருக்கை, பிறகு விளக்கு என்று உள்ளே கைபோக வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஜன்னல் திறந்த ஸ்லீப்பரில் உள்ளே வெறுமையாக இருந்தால் நன்றாகத் தெரியும். 9 கூடு, 72 படுக்கை, அட்டையில் வெட்டிச் செய்தால்கூடப் போதும்.

பித்தளைத் தகட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் மாவட்டத்தில் இதற்கு ஆள்பலம் உண்டு. வடசேரியில் கோவில் நகை செய்கிறவர்கள் நாள் முழுக்க இதைவிட நுண்ணிய தகட்டில்தான் வேலை செய்கிறார்கள். அந்த நகைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நுண்ணரம், சாமணம், நுனிக் குறடு, முடி போன்ற வாள் எல்லாம் பட்டறைக்காரர்கள் சாமான் வாங்கும் கடைகளில் கேளுங்கள். மாடல் கடையில் இறக்குமதி செய்து விற்பதைவிட எனக்கு அவையே பிடிக்கும். ஆனால் அவர்கள் பற்றவைக்கும் முறையை இங்கே கொண்டுவர வேண்டாம். வெங்காரமும் பொடியும் வைத்து ஊதும் பற்றவைப்புக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு தேவை, இந்தத் தகடு சுருண்டுவிடும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் வைத்திருக்கும் சாதாரண ஈய–வெள்ளீய சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும், 25 வாட் அயர்ன் போதும். படிக்கட்டை மடித்து, மடிப்பின் உள்ளே ஒரு துளி ஓடவிட்டு, ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவும் பசை) போகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் பச்சை பூத்து பெயின்ட்டைத் தள்ளும். சால்டர் வேலை எல்லாம் முடித்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் அருகே கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக்கோடு பித்தளையைச் சேர்க்க ஃபெவிகுவிக் வகைப் பசை, ஊசிமுனையில் தொட்டு.

ஜன்னல் கம்பிகளை இப்போதே ஒட்டிவிடலாம், செங்காவிப் பெட்டியில் அவையும் உடலின் நிறம்தான் என்று வைத்துக்கொண்டால் ஒரே வேலை. இரட்டை நீலம் என்றால் முதலில் வெளிர் நீலம் அடித்து, ஜன்னல் பட்டையை மறைத்து, பிறகு கரும் நீலம். மறைக்கும் டேப்பின் ஓரம் தூசி பிடித்துக் கொரகொரவென்று இருக்கும். கண்ணாடியில் ஒட்டிப் புது ஓரம் வெட்டி எடுத்துக்கொண்டால் கோடு சுத்தமாக வரும்.

இனி உங்கள் மழைக் கேள்வி. ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், தம்பி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்ட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பெயின்ட்டுக்குள்ளேயே சிக்கி, வெள்ளைப் பூச்சாகத் தெரியும். நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டும் கிடைக்கிற ஊர் இது. கல்குளம், விளவங்கோடு பக்கம் மழை கூடுதல். தோவாளைப் பக்கம் ஈரம் குறைவுதான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று தூசியையும் கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டில் அப்பிவிடும். மழை மாதங்களில் போகி, எடை, சால்டர், உள் இருக்கை என்று வேலையை வைத்துக்கொண்டு, தை, மாசியில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு அடிப்பதே உத்தமம். பொறுக்க முடியாது என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டைத் தட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுங்கள்.

பூசும் முன் பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, விரல்ரேகை படாமல் காயவையுங்கள். பித்தளைக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. கார் பெயின்ட் கடையில் நிறம் கலந்து வாங்குவது நம்மூரில் வழக்கம்தான், ஆனால் அதன் தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னும். முழு பிரைமர் காய்ந்த பிறகு, புகை போல மெல்லிய பூச்சாக மட்டும், வேண்டாத ஒரு துண்டில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு.

கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி. ஃபெவிகுவிக் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கைப் புகைமூட்டமாக்கிவிடும், ஈரக் காற்றில் இன்னும் மோசம். ஃபெவிகாலைக் குச்சியால் ஓரத்தில் தொட்டு ஒட்டுங்கள். காய்ந்தால் தெரியாது. கழிப்பறை ஜன்னலுக்கு 600 நம்பர் தண்ணீர்த்தாளில் தேய்த்து மங்கலாக்கினால் போதும். சில ஜன்னலில் ஷட்டரைப் பாதி இறக்கி வையுங்கள், பெட்டிக்கு உடனே ஆள்நடமாட்டம் வந்துவிடும்.

எண் எழுதும்போது ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டும் கட்டிய ஆண்டு, மற்ற மூன்றும் பெட்டியின் வகை. ஸ்லீப்பருக்கு 201 முதல் 400 வரை. செங்காவிப் பெட்டிக்கு 2010-களின் ஆண்டு எண் போட்டுவிடாதீர்கள். நாகர்கோவில் சந்திப்பின் குறியீடு என்சிஜே, அதைப் பராமரிப்பு நிலையமாக முனையில் எழுதினால் பெட்டி நம்மூருடையதாகிவிடும்.

எல்எச்பி பெட்டியைச் சேர்த்து ஓட்டுவது பற்றி. ரயில்வே வழக்கமாக இரண்டையும் ஒரே வண்டியில் கலப்பதில்லை, கப்ளிங்கே வேறு. மாடலிலும் சிக்கல் உண்டு. எல்எச்பி உடல் 23,540 மி.மீ., எச்ஓவில் 270. போகி மையங்கள் ஐசிஎஃப் போலவே 171-இல் இருப்பதால் கூடிய நீளம் முழுக்க முனைகளில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. 18 அங்குல வளைவில் அதன் முனை 12 மி.மீ. வெளியே போகும். பக்கத்தில் 8.5 மட்டுமே போகும் ஐசிஎஃப் முனையை அது பக்கவாட்டில் இழுக்கும். எல்எச்பிக்கென்று தனி வண்டியாகக் கட்டுங்கள். அதற்கு முன் வளைவை 24 அங்குலமாக மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் அந்த முனை 9 மி.மீ.தான் தள்ளும்.